ஸிமா என்றால் குளிர்

டெக்சஸ் மாநிலம் ஃபாயெட் கவுண்டியில் உள்ள பங்குத் திருவிழாக் குழுக்களுக்கும், கல்லறைத் தோட்டக் குழுக்களுக்கும், செக், ஜெர்மன் பாரம்பரியச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியோர்களே,

இந்த மடலின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதி உங்களில் சிலர் கையில் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற ஆங்கிலம் அது. மனத்தில் இருந்தது பாதிகூட அதில் வரவில்லை. எனக்கு முழுதாக வருவது தமிழில்தான், அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். அமெரிக்காவின் சிற்றூர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவுப்பணி பார்க்கும் தமிழ்ச் செவிலியர் இதைப் படித்தாலும் நல்லது. அவர்கள் கண்ணிலும் இது பட்டிருக்கும்.

நான் ஷூலன்பர்க்கில் குடியிருக்கிறேன். ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வரும் ஊர். மூவாயிரம் பேர்கூட இல்லை. வேலை, இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில், பெரும்பாலும் இரவில்.

அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு அம்மா இருந்தார். மறதிநோய். பகலில் ஓரளவு ஆங்கிலம் பேசுவார். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் ஆங்கிலம் போய்விடும். ஒரு ஜனவரி மாதத்தில் தொடர்ந்து நான்கைந்து இரவுகள் ‘ஸிமா, ஸிமா’ என்று அழைத்துக்கொண்டே இருந்தார். ஸிமா என்பது இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயரும்கூட. யாரோ உறவினரைத் தேடுகிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ‘அமைதியின்றி இருக்கிறார், ஸிமா என்பவரைக் கேட்கிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தது நான்தான். அவருடைய கோப்பில் உறவினர் பட்டியலைப் பார்த்தேன், அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் பெயர் எதுவும் சொல்லாமல் இதைக் கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஸிமா என்றால் குளிர்” என்றார்.

ஐந்து இரவுகள் அந்த அம்மா தன் செக் மொழியில் குளிருகிறது, குளிருகிறது என்று சொல்லியிருக்கிறார். போர்வை சூடாக்கும் பெட்டி அவர் அறையிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது.

அன்று இரவு சூடான போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், தோளிலிருந்து பாதம்வரை சுற்றிவிட்டு, “ஸிமா?” என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் செக் பேசுகிறவள் என்று நினைத்துவிட்டார் போலும், வேகமாக என்னென்னவோ சொன்னார். கடைசியில் செபமாலையைத் தேடி எடுத்து ‘ஸ்த்ராவாஸ் மரியா’ என்று தொடங்கினார். அது எனக்குப் புரிந்தது. மங்கள வார்த்தை செபம் எந்த மொழியிலும் அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே இடத்தில் இரண்டாம் பாதிக்குத் திரும்புகிறது. முதல் பாதியை அவர் சொன்னார். இரண்டாம் பாதியை, என் பாட்டி சொன்ன பழைய தமிழில், ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று நான் சொன்னேன். பத்து மணிகள் அப்படியே சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

நான் குமரி மாவட்டத்துக் கடலோரப் பங்கு ஒன்றில் பிறந்தவள். என் பாட்டி சாகும்வரை ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்றுதான் செபித்தார். கோவிலில் எப்போதோ ‘அருள் நிறைந்த மரியே’ என்று மாற்றிவிட்டார்கள், பாட்டி மாறவில்லை. இங்கே உங்கள் பெரியவர்களின் செக் மொழியும் அப்படிப்பட்டது. 1850களில், இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் மலையோரக் கிராமங்களிலிருந்து கப்பலில் வந்த பேச்சு அது. இன்றைக்கு செக் தலைநகரான பிராகாவிலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டால், தங்கள் கொள்ளுப்பாட்டி பேசுவதுபோல இருக்கிறது என்பார்களாம். அந்த நாட்டிலேயே தேய்ந்துபோன பேச்சு, பருத்திக்காடும் மாட்டுப்பண்ணையுமான இந்தப் பூமியில் தங்கியிருக்கிறது. ஹை ஹில் என்ற பக்கத்து ஊர்க் குடும்பங்களின் ஜெர்மனும் இதேபோலத்தான். அவர்களிலும் பலர் அதே மொராவியாவில் ஜெர்மன் பேசி வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தவர்களே இங்கேயும் அக்கம்பக்கத்தில் குடியேறியிருக்கிறார்கள்.

உங்கள் கதையை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் நான் அதை எப்படிக் கேட்டு மனத்தில் வைத்திருக்கிறேன் என்று நீங்கள் அறிய வேண்டும். 1856இல் சில மொராவியக் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது, வாடைக்காற்றில் முதல் இரவைக் கருவாலி மரத்தடியில் கழித்தார்கள். அந்த இடத்துக்குப் பின்னால் வந்த பெயரே டுபினா, கருவாலித் தோப்பு. அங்கே அவர்கள் கட்டிய கோவிலை 1909ஆம் ஆண்டுப் புயல் சாய்த்தது. அந்தக் கோவிலின் கோபுரத்தில் இருந்த இரும்புச் சிலுவை தப்பியது. அதை அடித்துச் செய்தவர் டாம் லீ, ஒரு காலத்தில் அடிமையாக இருந்த கறுப்பினக் கொல்லர். உங்கள் பாரம்பரியம் என்று சொல்லும்போது அவர் கையும் அதில் இருக்கிறது. கோவிலைச் சுற்றிக் காட்டும்போது இதை விடாமல் சொல்கிறீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன்.

அதே டுபினா கோவிலை வைத்துத்தான் என் வேண்டுகோளைச் சொல்லப்போகிறேன்.

மறுபடி எழுந்த அந்தக் கோவிலின் உட்கூரை நீலம், அதில் நட்சத்திரங்கள். சுவரெல்லாம் அச்சுத்தாள் வைத்துத் தீட்டிய பூவேலை. 1950களில் காலத்துக்கு ஏற்ற அழகு என்று எண்ணி அதை எல்லாம் வெள்ளையடித்து மூடினார்கள். 1980களில் உங்கள் தலைமுறை அந்த வெள்ளைக்கு அடியில் இருந்ததை மீட்டுத் தீட்டியது. இன்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் என் அம்மாவை இந்தியாவிலிருந்து அழைத்துவந்தபோது முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். ஹை ஹில் கோவிலில் மரத்தூண்களைப் பளிங்குபோலத் தீட்டியிருப்பதை அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “மரமா இது!” என்று மூன்று முறை கேட்டார்.

சுவர் காத்திருக்கும். அதன்மேல் வெள்ளை பூசியிருந்தாலும் முப்பது ஆண்டு கழித்துச் சுரண்டிப் பார்த்தால் அடியில் நட்சத்திரம் இருக்கும். அந்த அம்மாவின் பேச்சை அப்படி எடுக்க முடியாது. தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். செக் மொழியில் கடைசி ஆறு மாதமும் தினம் பேசினார், ஒரு வார்த்தையும் எங்கேயும் பதிவாகவில்லை. அடக்கப் பூசையில் மகள் விரும்பிக் கேட்டதால் ஒரே ஒரு செக் பாட்டு பாடினார்கள். பாடகர் குழுவில் நான்கு பேர் மட்டும் தாளைப் பார்க்காமல் பாடினார்கள். நால்வருக்கும் எண்பதுக்கு மேல் இருக்கும்.

அந்த மகளுக்கு அறுபது வயதுக்கு மேல். “எங்களுக்குத் தெரியக்கூடாத விஷயத்தை அப்பாவும் அம்மாவும் செக்கில்தான் பேசிக்கொள்வார்கள்” என்று என்னிடம் சொன்னார். கிறிஸ்துமஸ் பரிசு, கடன், யாருக்கோ புற்றுநோய், எல்லாம் செக்கில். பிள்ளைகளுக்குச் செபம் மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஜெர்மன் குடும்பத்து நண்பர் ஒருவரும் கிட்டத்தட்ட இதே சொற்களில் இதைச் சொன்னார்.

நீங்களாக விட்டுவிட்ட மொழி அல்ல இது. முதல் உலகப்போரின்போது, 1918இல், பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் செய்தது. அடுத்த ஆண்டு ஆளுநர் ஹாபி, மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் துறைக்கான பணத்தையே வெட்டினார். உங்களில் மூத்தவர்கள், பள்ளி மைதானத்தில் செக் பேசியதற்கு அடி வாங்கியதை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி அடி வாங்கியவர்கள், தங்கள் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். என் மகனும் வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். நானும் வற்புறுத்தாமல் விட்ட நாட்கள் உண்டு. ஆகவே உங்கள் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். நாற்பது ஆண்டு கழித்து இங்கே ஏதாவது ஒரு கட்டிலில் கிடந்து நான் ‘தண்ணி’ என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதி வைப்பார் என்ற நினைப்பு ஸிமா இரவுகளுக்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலம் வேண்டும், செக் வேண்டாம் என்று முன்னோர் எல்லாரும் நினைத்துவிடவும் இல்லை. பதினொரு வயதில் மொராவியாவிலிருந்து வந்த அகஸ்டின் ஹைடுசெக், லா கிரேஞ்சில் வழக்கறிஞராகி, மேயராகி, பின்பு இந்தக் கவுண்டியின் நீதிபதியானார். பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதில் செக்காரர், ஜெர்மானியர் இரு தரப்பிலும் பலர் கோபப்பட்டார்கள். அதே மனிதர்தான் ‘ஸ்வோபோடா’ என்ற செக் பத்திரிகையையும் லா கிரேஞ்சிலிருந்து நடத்தினார். ஆங்கிலத்துக்கு இடம் கொடுக்க வீட்டு மொழியை வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்று இந்த மண்ணிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

உங்கள் திருவிழாக்கள் எனக்கு உயிர். ஆகஸ்ட் 15 அன்று பிராஹா கிராமத்தில் விண்ணேற்பு அன்னையின் திருநாளுக்கு நான் தவறாமல் போகிறேன். எங்கள் ஊரிலும் அன்றைக்குத் தேர். அங்கே கோவில் கூரையின் கொடியும் பூவும் 1895இல் தீட்டியவை. கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஆலயங்கள் மூன்றின் முன்னாலும் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டுத்தான் வருகிறேன். இரண்டாம் உலகப்போரில் அந்தச் சிறிய ஊர் ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அவர்களைப் போருக்கு அனுப்பிய தாய்மார்களில் எத்தனை பேர் செக்கில் அழுதிருப்பார்கள்!

வறுத்த கோழியும் சாஸேஜும் நூடுல்ஸும் வரிசையில் நின்று வாங்குகிறேன். போல்கா இசைக்கு ஆடத் தெரியாமல் ஓரத்தில் தாளம் போடுகிறேன். கொலாச்சி என்ற செக் இனிப்பு ரொட்டியில் பாப்பி விதை வைத்ததுதான் எனக்குப் பிடித்தது, என் மகனுக்கு ஆப்ரிகாட். நான் இங்கே குடிவந்த வாரத்தில், பெயர்கூடக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரர் மான் சாஸேஜும் ஊறவைத்த பீட்ரூட் ஒரு ஜாடியும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் மனக்குறை ஒன்றுதான். கடை வாசலில் ‘வீட்டாமே வாஸ்’ என்று வரவேற்புப் பலகை இருக்கிறது, சட்டையிலும் தொப்பியிலும் இருக்கிறது. அந்த மொழியில் கனவு கண்டு, அந்த மொழியில் வலி சொல்கிற கடைசி மனிதர்கள் பத்து நிமிடக் கார்த் தூரத்தில் படுத்திருக்கிறார்கள். அவர்களுடன் அதில் பேச ஆள் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. திருவிழாவுக்கு எத்தனை மாதம் முன்னாலேயே கூடிப் பேசுகிறீர்கள்! சமையலுக்கு ஒரு குழு, ஏலத்துக்கு ஒரு குழு, வண்டி நிறுத்த ஒரு குழு. பெரியவர்களிடம் போய் உட்கார ஒரு குழு போடுங்கள். கொஞ்சமாவது செக்கோ ஜெர்மனோ தெரிந்தவர்கள் உங்களில் இன்னும் இருக்கிறார்கள். இலக்கணம் சரியாக இருக்க வேண்டியதில்லை. ‘பத்து வார்த்தைதான் தெரியும்’ என்று என்னிடம் வெட்கப்பட்டவர்கள் பலர். அந்தப் பத்து வார்த்தை போதும். நான் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து நாள் குளிரை நிறுத்தினேன்.

போகும்போது கைபேசியில் பதிவு செய்யுங்கள். குடும்பத்தாரிடம் அனுமதி கேளுங்கள். அந்தப் பெரியவருக்குப் புரிகிற நிலை இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். பன்றி அறுத்த நாள், பருத்தி எடுத்த நாள், முதல் முறை பள்ளிக்குப் போய் ஆசிரியை என்ன சொல்கிறார் என்று புரியாமல் முழித்த நாள், இவற்றைக் கேட்டாலே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பதிவை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், டெக்சஸ் ஜெர்மன் பேச்சை 2001 முதல் பதிவு செய்து காத்துவருகிறார்கள். டெக்சஸ் செக்கையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள். இங்கிருந்து ஒன்றரை மணிப் பயணம்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு கட்டிலுக்கும் வர முடியாது. எந்தப் பாட்டி இன்னும் பேசுகிறார், எந்தத் தாத்தா மாலையில் மட்டும் ஜெர்மனுக்கு மாறுகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கல்லறைக் குழுவினரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய கற்கள் மழையில் அரித்துப் போகின்றன, புதிய கல் வைக்கும்போது எழுத்துகளின் மேல் இருக்கும் சின்னக் கொக்கியை விட்டுவிடுகிறார்கள். ஹாச்செக் என்று அதற்குப் பெயர், சின்னக் கொக்கி என்றுதான் பொருளாம். ‘ட்வோர்ஷாக்’ என்ற பெயர் அது இல்லாமல் ‘ட்வோராக்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலக் கண்ணுக்கு அது தூசிபோலத் தெரியலாம். என் மொழியிலும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி உண்டு. கல் என்பதில் அந்தப் புள்ளியை எடுத்தால் கல என்று ஆகிவிடும், கல்லே இல்லை. அதனால்தான் எனக்கு இது உறுத்துகிறது. அதோடு, பழைய கற்களில் பெண்களின் பெயர் ‘ஓவா’ என்று முடிகிறது, ட்வோர்ஷாக் வீட்டுப் பெண் ட்வோர்ஷாக்கோவா. புதிய கல்லில் அதையும் வெட்டிவிடுகிறார்கள். மாற்றுவதற்கு முன்னால், காலைச் சாய்வெயிலில், எழுத்து நிழல் விழும் நேரத்தில் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். ‘ஸ்டே ஓட்போச்சீவா’ என்று செக்கிலும் ‘ஹியர் ரூட்’ என்று ஜெர்மனிலும் எழுதியிருப்பதற்கு ‘இங்கே இளைப்பாறுகிறார்’ என்று அர்த்தம் என உங்கள் பெரியவர் ஒருவர் சொன்னார். எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு ‘நித்திய இளைப்பாற்றி’ வேண்டுகிறோம். அதே சொல். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கடைசியாக, அட்டை. இது எனக்கு உடனே வேண்டும். இந்தப் பகுதியின் முதியோர் இல்லங்களில் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள், மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வேலை பார்க்கிறோம். கட்டிலோரத்தில் ஒட்டி வைக்க ஒரு அட்டை இருந்தால் போதும், யார் பணியில் இருந்தாலும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நானே தொடங்கியிருக்கிறேன். செக்கில் வோடா, ஜெர்மனில் வாஸர், தண்ணீர். போலீ, டூட் வே, வலிக்கிறது. ஹ்லத், ஹூங்கர், பசி. ஸிமா, கால்ட். டொமூ என்றாலும் நாஹ் ஹவ்ஸ என்றாலும் வீட்டுக்குப் போக வேண்டும். மமிங்கா, அம்மா. இந்த ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

செவ்வாய், வியாழன் பகலில் எனக்கு வேலை இல்லை. கோவில் கூடத்திலோ உங்கள் சமையலறையிலோ உட்கார்ந்து இதைச் சரிபார்க்க வருகிறேன். அகராதியில் இருப்பது எனக்கு வேண்டாம், உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படி வேண்டும். ‘பயமாக இருக்கிறது’ என்பதை உங்கள் பாட்டி எந்தச் சொல்லால் சொல்வார்? இரவில் அதிகம் கேட்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அட்டையில் அந்த வரியை இன்னும் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்கில் ஒரு செவிலி,
ஷூலன்பர்க்